வீட்டை விரிப்பதா, வீடு மாறுவதா?

மைசூருவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், குன்றின்மேல் அமைந்த பழம்பதி மேல்கோட்டை. வைணவர்களுக்கு அது திருநாராயணபுரம். 1939இல் மண்டியா மாவட்டம் தனியே பிரிக்கப்படும்வரை மைசூரு மாவட்டத்தில் இருந்த இவ்வூர், இன்று பாண்டவபுரம் வட்டத்தைச் சேர்ந்தது. கன்னட நாட்டின் நடுவே, வீட்டுக்குள் தமிழ் பேசும் குடும்பங்கள் இங்குப் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் திண்ணையும் ஓட்டுக்கூரையும் கொண்ட பழைய வீடுகளை இன்றும் காணலாம்.

அத்தகைய ஒரு வீட்டில் மூத்த பெற்றோர், மகன், மருமகள், வளரும் பிள்ளைகள் இருவர் என ஆறு பேர் ஆகும்போது ஒரு கேள்வி எழுகிறது. இருக்கும் வீட்டிலேயே இரண்டு அறைகளை எழுப்புவதா? அல்லது மைசூருவிலோ மண்டியாவிலோ வேறு வீடு வாங்கிக் குடிபெயர்வதா? வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் பணியாற்றும் எங்களிடம் இக்கேள்வி பெரும்பாலும் “எவ்வளவு கடன் கிடைக்கும்?” என்ற வடிவிலேயே வந்து சேர்கிறது. அதற்கு முன்னதாகக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த இடநெருக்கடி எத்தனை ஆண்டுகளுக்கானது? சதுர அடிகளை எண்ணுவதற்கு முன் ஆண்டுகளை எண்ணினால், விடையின் பெரும்பகுதி தானே துலங்கும்.

தங்கியவரும் பெயர்ந்தவரும்

குடிபெயர்தல் மேல்கோட்டைக்குப் புதியதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழ நாட்டை விட்டு மேற்கே வந்த இராமானுசர், ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் காலத்தில் இவ்வூரில் பன்னிரண்டு ஆண்டுகள் தங்கினார் என்பது வைணவ மரபு. கோயில் கைங்கரியங்களுக்கு ஐம்பத்திருவரை அவர் நியமித்ததாகவும் அம்மரபு கூறுகிறது. பின்னர் அவர் திருவரங்கம் திரும்பப் புறப்பட்டபோது, பிரிய மனமில்லாத அடியார்களுக்காகத் தம் திருமேனி ஒன்றை விட்டுச் சென்றார் என்பர். ‘தமர் உகந்த திருமேனி’ என்ற பெயரில் அது இன்றும் இங்கு வழிபடப்படுகிறது.

அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. கன்னடக் கவிஞர் பு. தி. நரசிம்மாச்சார் 1905இல் இவ்வூரில், தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவில்லமாகப் பாதுகாக்கப்படுகிறது. ஊரை விட்டுப் பெயர்பவர்க்கும் விட்டுச் செல்ல முடியாதவை சில உண்டு என்பதை இவை உணர்த்துகின்றன. திண்ணை, கோயில் மணி, வைரமுடி சேவை, அண்டை வீட்டார் ஆகியவற்றுக்கு எங்கள் மதிப்பீட்டாளர் விலை குறிப்பதில்லை. ஆயினும் குடும்பம் தன் கணக்கில் அவற்றுக்கும் ஒரு வரி ஒதுக்கத்தான் வேண்டும்.

குறை அறையிலா, ஊரிலா?

முதலில் பிரித்தறிய வேண்டியது இது. போதாதது அறையா, ஊரா? பிள்ளைகளுக்குப் படிக்கத் தனி இடமில்லை, பெற்றோருக்குக் கீழ்த்தளத்தில் படுக்கையறை இல்லை என்பன அறையின் குறைகள். அவற்றைக் கட்டித் தீர்க்கலாம். நாள்தோறும் வேலைக்காக மைசூரு சென்று திரும்புவதில் 100 கிலோமீட்டர் கழிகிறது, முதியவருக்கு அடிக்கடி சிறப்பு மருத்துவரைக் காண வேண்டியிருக்கிறது, மேல்நிலைப் படிப்பில் விரும்பிய பாடப்பிரிவு அருகில் இல்லை என்பன ஊரின் குறைகள். எத்தனை அறை கட்டினாலும் இவை தீர்வதில்லை. 2023 மார்ச்சில் திறந்துவைக்கப்பட்ட பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலை அவ்விரு நகரங்களுக்கிடையே பயண நேரத்தை வெகுவாகக் குறைத்தது. ஆனால் அச்சாலையை அடைவதற்கு முன் கடக்க வேண்டிய தொலைவு மேல்கோட்டைவாசிக்கு அப்படியேதான் இருக்கிறது.

குறை அறையில்தான் என்று தெளிந்தால் அதன் ஆயுளைக் கணக்கிடுவோம். எடுத்துக்காட்டாக, குடும்பத் தலைவருக்கு வயது 40. பிள்ளைகளுக்கு 11, 7 எனக் கொள்வோம். மூத்த பிள்ளை ஏழு ஆண்டுகளில் கல்லூரிக்குச் செல்லும். பெரும்பாலும் அது வெளியூர் விடுதி வாழ்க்கைதான். இளைய பிள்ளைக்கு அந்நாள் பதினோராம் ஆண்டில் வரும். ஆகவே வீடு நிறைந்து வழியும் காலம் பத்துப் பதினோரு ஆண்டுகள். அதன்பின் அதே வீட்டில் மூவரோ நால்வரோதான் இருப்பர். இருபதாண்டுக் கடனில் வாங்கும் பெரிய வீட்டின் பிற்பாதித் தவணைகள், ஆளில்லா அறைகளுக்காகவே கட்டப்படுகின்றன. பிள்ளைகள் திருமணத்திற்குப் பின் அதே வீட்டில் சேர்ந்து வாழ்வார்கள் என்ற உறுதி இருந்தால் கணக்கு வேறு. அதையும் அவர்களிடம் கேட்டே எழுத வேண்டும்.

பங்குனியில் வைரமுடி விழாவுக்கு உறவினர் வந்து குவியும் பத்து நாட்களை வைத்து அறைகளை எண்ணுவதும் தவறான அளவுகோல். அந்த நாட்களுக்குத் திண்ணையும் கூடமும் போதும். ஆண்டின் மற்ற நாட்களுக்கே அறை.

மண் எவருடையது?

அறை கட்டுவது என்று முடிவாகும் வீடுகளில் அடுத்து வரும் தடை, செங்கலுக்கும் சிமெண்டுக்கும் முன்பாகப் பத்திரத்தில் இருக்கிறது. பழைய ஊர்களில் வீடு தாத்தாவின் பெயரிலோ, பாகம் பிரியாத குடும்பச் சொத்தாகவோ இருப்பது வழக்கம். கர்நாடகம் 1994இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் திருத்தம் செய்து, மணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை அளித்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம், மணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாடின்றி எல்லா மகள்களுக்கும் அவ்வுரிமையை வழங்கியது. அந்நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. தந்தை தாமே ஈட்டிய சொத்தாக இருந்து, உயில் எழுதாமல் மறைந்திருந்தாலும், மகனுக்கும் மகளுக்கும் சம பங்கே.

இதன் பொருள் என்ன? ஊரில் தங்கிய மகன் தம் சேமிப்பையும் கடனையும் கொட்டி மாடி எழுப்புகிறார். நிலமோ பெங்களூருவிலும் சென்னையிலும் வாழும் சகோதரிகளுக்கும் சேர்ந்தது. பின்னாளில் பாகம் பிரிக்கும்போது, கட்டியவர் செலவைக் கணக்கிட்டுக் கேட்பார்; மற்றவர் பங்கைக் கேட்பார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கும். அந்த வழக்கில் செலவாவது பணம் மட்டுமன்று. பண்டிகைக்குப் பிறந்த வீடு வரும் உறவும் செலவாகிவிடும்.

வங்கியின் நோக்கிலும் இது முக்கியமானது. உரிமைப் பத்திரங்களை ஒப்படைத்து அடமானம் ஏற்படுத்தும்போது பங்குதாரர் அனைவரும் கையொப்பமிட வேண்டியிருக்கும். ஒருவர் மறுத்தாலும் கடன் நின்றுவிடும். ஆகவே பொறியாளரை அழைப்பதற்கு முன் உடன்பிறந்தாரை அழைத்துப் பேசுவதே முறை. பாகப்பிரிவினைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ எழுதிப் பதிவு செய்தல், வில்லங்கச் சான்று பெறுதல், கிராமப் பஞ்சாயத்தின் ‘ஈ-ஸ்வத்து’ பதிவில் படிவம் 9, படிவம் 11 ஆகியவற்றை உரியவர் பெயருக்கு மாற்றுதல் ஆகியவை முடிந்த பின்னரே வரைபடம். சகோதரி பங்கை விட்டுக்கொடுக்க முன்வந்தாலும், அதற்கு ஈடாக ஒரு தொகையைக் கணக்கில் சேர்ப்பது நேர்மையானது. அத்தொகை வீடு விரிக்கும் செலவின் ஒரு பகுதியே.

தலைமுறைப் பத்திரத்தை வங்கியில் வைப்பதற்கு முதியவர்கள் அஞ்சுவதை நாங்கள் அறிவோம். கடன் முழுவதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கியின் காரணத்தால் தாமதம் நேர்ந்தால் நாளொன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு வழங்க வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது.

பழைய சுவர் தாங்குமா?

பழைய வீடுகளின் சுவர்கள் பெரும்பாலும் கல், மண், சுண்ணாம்பு ஆகியவற்றால் ஆனவை. அங்குச் சுவரே பாரம் தாங்குகிறது, தூண்கள் தாங்குவதில்லை. ஓட்டுக்கூரையின் இலேசான எடைக்கென எழுப்பிய சுவர்மேல் கான்கிரீட் தளத்தை ஏற்றுவது ஆபத்து. மாடி வேண்டுமெனில் தனி அடித்தளத்திலிருந்து தனித் தூண்களை எழுப்ப வேண்டியிருக்கலாம். கொத்தனாரின் அனுபவம் மதிப்புக்குரியதே. எனினும் இவ்விடத்தில் கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்துவழி அறிக்கை இன்றியமையாதது.

முற்றத்தை மூடி அறையாக்குவது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் கன்னடத்தில் ‘தொட்டி மனை’ எனப்படும் முற்றத்து வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியாகவே வருகின்றன. அதை மூடினால் ஓர் அறை கிடைக்கும். சுற்றியுள்ள அறைகள் இருண்டுவிடும். ஒரு வசிப்பறைக்குக் குறைந்தது 9.5 சதுர மீட்டர், அதாவது சற்றேறக்குறைய 100 சதுர அடி பரப்பும், 2.4 மீட்டர் அகலமும் வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகிறது. தடுப்புச் சுவர் எழுப்பிக் கிடைக்கும் இடம் இவ்வளவுக்குக் குறைந்தால் அது அறை என்ற பெயர் பெறுமே தவிர, பிள்ளைகள் அங்கிருந்து கூடத்துக்கே திரும்பி வருவர்.

கோயில் நகரங்களில் இன்னொரு சட்டத்தையும் பார்க்க வேண்டும். மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள நினைவுச் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. 2010இல் திருத்தப்பட்ட தொல்சின்னச் சட்டத்தின்படி, இருக்கும் கட்டடத்தை மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ விரிப்பதும் ‘கட்டுமானம்’ என்றே கொள்ளப்படும். ஆகவே தடைப்பகுதியில் பழுதுபார்த்தலுக்கும் புதுப்பித்தலுக்கும் அனுமதி கோரலாம். கூடுதல் அறைக்கு வழியில்லை. மாநில அரசு பாதுகாக்கும் சின்னங்களுக்கு மாநிலச் சட்டம் தனியே உண்டு. தம் வீடு எந்த எல்லைக்குள் வருகிறது என்பதைத் தொல்லியல் துறையிடமும் பஞ்சாயத்திடமும் எழுத்தில் பெற்ற பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். அனுமதியில்லாக் கட்டுமானத்துக்கு வங்கியும் கடன் தருவதில்லை.

இரண்டு கணக்குகள்

இனி எண்களுக்கு வருவோம். ஒப்பீட்டுக்காக ஆண்டு வட்டி 8.5 விழுக்காடு எனவும், குடும்பத்தின் மாத நிகர வருமானம் ரூ.70,000 எனவும் கொள்கிறோம்.

முதல் வழி: ரூ.13.5 லட்சம் செலவில் இரண்டு அறைகள். கைப்பணம் 1.5 லட்சம், கடன் 12 லட்சம், காலம் 10 ஆண்டுகள். மாதத் தவணை ஏறத்தாழ ரூ.14,880. மொத்த வட்டி 5.85 லட்சம். தவணை வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியே அமைகிறது. இளைய பிள்ளை கல்லூரி வாயிலை நெருங்கும்போது கடனும் தீர்ந்துவிடும்.

இரண்டாம் வழி: மைசூருவில் ரூ.50 லட்சம் விலையில் ஒரு வீடு. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன்களுக்குச் சொத்து மதிப்பில் 80 விழுக்காடு வரையே வழங்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. எனவே கடன் 40 லட்சம். காலம் 20 ஆண்டுகள். மாதத் தவணை ஏறத்தாழ ரூ.34,710. மொத்த வட்டி 43.3 லட்சம். தவணை வருமானத்தில் சரிபாதி. கைப்பணம் 10 லட்சத்தோடு, 45 லட்சத்துக்கு மேற்பட்ட சொத்துக்குக் கர்நாடகத்தில் 5 விழுக்காடு முத்திரைத் தீர்வை, அதன்மேல் கூடுதல் வரிகள், 2025 ஆகஸ்ட் இறுதியில் உயர்த்தப்பட்ட 2 விழுக்காடு பதிவுக் கட்டணம் ஆகியவை சேர்ந்து மூன்றரை லட்சத்தைத் தாண்டும். இச்செலவுகள் கடனுக்கான சொத்து மதிப்பில் சேரா. கையிலிருந்தே வர வேண்டும். மூத்த பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் தொடங்கும் ஏழாம் ஆண்டில் கடன் காலத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான் கழிந்திருக்கும்.

எண்களை மட்டும் பார்த்தால் முதல் வழியே மேல் என்று தோன்றும். ஆனால் 40 லட்சக் கடனின் முடிவில் சொந்தப் பெயரில், விற்கத்தக்க நகர வீடு ஒன்று இருக்கும். 12 லட்சக் கடனின் முடிவில் இருப்பது, சிற்றூரில் பலருக்குச் சொந்தமான மண்மேல் இரண்டு அறைகள். பத்திரம் தெளிவில்லாத இடத்தில் மலிவான வழியே விலையுயர்ந்த வழியாக மாறிவிடக்கூடும். பத்திரம் தெளிவாக இருந்து, குறையும் அறையளவிலேயே நின்றால், பத்தாண்டுத் தேவைக்கு இருபதாண்டுக் கடன் வேண்டியதில்லை. ‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்று பெரியவர்கள் சொன்னது தவணைக்கும் பொருந்தும்.

இரண்டில் எதைத் தேர்ந்தாலும், மாறும் வட்டியில் தனிநபர் பெறும் வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதக் கட்டணம் இல்லை. போனஸ், நிலுவைத் தொகை, விளைச்சல் வருவாய் எனக் கைக்கு வருவதை அசலில் செலுத்தினால், கடனின் ஆயுளைத் தேவையின் ஆயுளுக்கு இணையாகக் குறைத்துவிடலாம்.

வரிச் சலுகையில் ஒரு நுட்பம்

சொந்தக் குடியிருப்பை வாங்கவும் கட்டவும் பெற்ற கடனுக்குப் பழைய வரி முறையில் ஆண்டுக்கு ரூ.2 லட்சம் வரை வட்டிக் கழிவு உண்டு. பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் பெற்ற கடனுக்கு அது ரூ.30,000 மட்டுமே. அசலுக்கு 80சி பிரிவில் கிடைக்கும் கழிவு, குடியேறிவிட்ட வீட்டில் செய்யும் கூடுதல் கட்டுமானத்துக்கும் மாற்றங்களுக்கும் பொருந்தாது. பலர் இதைக் கடன் பெற்ற பின்னரே அறிகின்றனர். புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்குச் சொந்தக் குடியிருப்பின்மீது இக்கழிவுகள் இல்லை. நாம் இங்குக் குறிப்பிடும் பிரிவு எண் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியானது. 2025ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் எண்கள் வேறு. மாடி எழுப்புதல் எவ்வகையில் சேரும் என்பதைத் தணிக்கையாளரிடம் கேட்டு, கடன் நோக்கத்தை ஒப்புதல் கடிதத்தில் தெளிவாகக் குறிக்கச் செய்வது நல்லது.

பழைய வீட்டை விற்றுப் புதியது வாங்குவோர், விற்பதற்கு ஓராண்டுக்கு முன்னரோ இரண்டு ஆண்டுகளுக்குள்ளோ வேறு வீடு வாங்கினால், அல்லது மூன்று ஆண்டுகளுக்குள் கட்டினால், நீண்டகால மூலதன ஆதாயத்தில் அவ்வாறு முதலிட்ட அளவுக்கு விலக்குப் பெறலாம்.

இடைவழி ஒன்று

ஊரின் குறையா, அறையின் குறையா என்று தெளியாத குடும்பங்களுக்கு ஒரு வழி உண்டு. மைசூருவில் ஒரு பள்ளியாண்டு வாடகைக்குக் குடியிருந்து பார்ப்பதே அது. வாடகை வீண் செலவு என்று எண்ணுவோர் பலர். ஐம்பது லட்ச ரூபாய் முடிவைச் சோதித்துப் பார்க்கும் கட்டணம் என்று கருதினால் அது மிகையாகத் தோன்றாது. அந்த ஓராண்டில் பெற்றோர் புதிய இடத்தில் எப்படி உறங்குகிறார்கள், பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள், வாரந்தோறும் மேல்கோட்டைக்கே வண்டி திரும்புகிறதா என்பன தெரிந்துவிடும். அதே ஓராண்டில் உடன்பிறந்தாருடன் பேசிப் பத்திரத்தையும் சீர்செய்துகொள்ளலாம்.

கடன் விண்ணப்பத்துக்கு முன் வாசகர்கள் ஒரு தாளை எடுத்து நான்கு வரிகள் எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறோம். வீடு நிறைந்திருக்கப் போகும் ஆண்டுகள் எத்தனை. கடன் தீரும்போது தமக்கு வயது என்ன. பத்திரத்தில் இருக்கும் பெயர்கள் எவை. சுவரைப் பார்த்த பொறியாளர் எழுதித் தந்தது என்ன. இந்நான்கையும் வீட்டின் மூத்தவர் முதல் பதினொரு வயதுப் பிள்ளை வரை எல்லோரும் படித்த பிறகு அத்தாளுடன் கிளைக்கு வாருங்கள். எவ்வளவு கடன் கிடைக்கும் என்ற கேள்விக்கு நாங்கள் பத்து நிமிடங்களில் விடை சொல்லிவிடலாம். எவ்வளவு கடன் வேண்டும் என்பதற்கான விடை அந்தத் தாளில் ஏற்கனவே எழுதப்பட்டிருக்கும்.